எல்லாத் துறைக்கும் ஒரே கையெழுத்து

“தரவு ரொம்ப அழகா இருக்கும்மா. வீட்டிலேயே உட்கார்ந்து எழுதினதா?”

என் ஆய்வுக் குழுவில் இருக்கும் ஒரு பேராசிரியர் சிரித்துக்கொண்டே இப்படிக் கேட்டார். மற்ற இருவரும் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். நான் மனையியல் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவள். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் வேலை செய்யும் பெண்கள் தங்கள் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது என் ஆய்வு. நான் கொண்டுபோன படிவங்களின்படி அவர்கள் நன்றாகவே சாப்பிட்டார்கள். காலையில் முட்டை, மதியம் கீரை, அதற்குமேல் மோர். அந்த மோரில்தான் பேராசிரியருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. என் அம்மா ஆத்தூர்ப் பக்கம் ஒரு சவ்வரிசி ஆலையின் களத்தில் வெயிலில் நின்று மாவு காயவைப்பவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதே படிவங்களை ஒரு டாக்டர் வீட்டுப் பெண் கொண்டுவந்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்குமா? அதைக் கேட்கவில்லை. திரும்பப் போய்ச் சரிபார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். என் நெறியாளர் ஒரு மாத அவகாசம் வாங்கிக் கொடுத்தார். சரியாக இருந்தால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். இல்லையென்றால் அந்த அத்தியாயம் போகும். அது போனால் நான்கு வருட உழைப்பில் மிஞ்சுவது முன்னுரை மட்டும்தான்.

ஒன்றை நான் குழுவில் சொல்லவில்லை. ‘எல்லா வீட்டுக்கும் ஆய்வாளர் நேரில் சென்று கேட்டு நிரப்பினார்’ என்று என் ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன். அது உண்மை இல்லை. போன வருடம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஊரில் முதல் ஏழெட்டு வீட்டுக்குத்தான் நேரில் போனேன். பேருந்து நிறுத்தத்தில் டிபன் கடை வைத்திருக்கும் பாப்பாத்தி அக்கா துணைக்கு வந்தார். பிறகு எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மீதிப் படிவங்களை அவரிடமே விட்டுவிட்டு ஊருக்குப் போய்ப் படுத்தேன். அவர் பத்தாவது முடித்தவர். கடைக்கு வரும் பெண்களைக் கேட்டு எழுதி வைப்பதாகச் சொன்னார். பத்து நாள் கழித்துப் போனபோது கட்டு தயாராக இருந்தது. ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. யார் கேட்டால் என்ன, பதில் பதில்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முன் இரண்டு நாள் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்தேன். அந்த வட்டாரத்தில் வேறு யார் யார் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள், அவர்களுடைய தரவு எவ்வளவு அழகு என்று பார்க்கும் எண்ணம். ஆய்வேடுகள் இருக்கும் அறைக்குள் நுழைந்தால், மனிதர்கள் எதைத்தான் ஆராயாமல் விட்டிருக்கிறார்கள் என்று மலைப்பாக இருக்கும். ஒருவர் கரும்பின் வேரை அறுத்துப் பார்த்திருக்கிறார். ஒருவர் லாரி ஓட்டுநரின் தூக்கத்தை அளந்திருக்கிறார். கோழி எச்சத்தின் வாடையைக் குப்பியில் பிடித்து ஒருவர் வேதியியல் ஆக்கியிருக்கிறார். குலசாமிக் கதை, கிணற்றுப் பாறை, கைப்பந்து ஆடுபவரின் முழங்கால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை, ஒரு தடித்த அட்டை, முதுகில் தங்க எழுத்து.

எந்த ஆய்வேட்டையும் நன்றிப் பக்கத்திலிருந்து படிப்பது என் பழக்கம். தாவரவியல் ஆய்வேடு ஒன்றில் கடவுள், நெறியாளர், கணவர் எல்லாரையும் தாண்டி வந்தால் பாப்பாத்தி என்று ஒரு பெயர் இருந்தது. உள்ளே செடிகளின் பட்டியலில், உள்ளூர்ப் பெயர் என்ற இடத்தில், ‘எருமைக்காது’ என்று பார்த்தேன். வணிகவியல் ஆய்வேட்டிலும் பாப்பாத்தி. சமூகவியலில் ஊர்ப் பெயரோடு பாப்பாத்தி. மொழியியலில் ‘பேருதவி புரிந்த திருமதி பாப்பாத்தி’. நிலவியலில் மட்டும் அவரைக் காணவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்து வைத்தேன்.

அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. மோகனூரிலிருந்து கொஞ்ச தூரம் என்பது போதும். பெயரைப் போட்டால் அடுத்த பேருந்திலேயே இரண்டு பேர் கேள்வித்தாளோடு இறங்குவார்கள்.

முதல் நாள். என் அம்மாவுக்குச் சேலத்தைத் தாண்டிவிட்டால் எல்லாமே அயல்நாடு. புளிசோறு கட்டிக்கொடுத்து, யார் எதைக் கொடுத்தாலும் வாங்கித் தின்னாதே என்று சொல்லி அனுப்பினார். அம்மா சொன்னதில் பாதி சரி. எங்கள் பக்கத்துப் பேருந்தில் நடத்துநர் ‘எங்க’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார். நாமக்கல்லில் ஏறிய நகரப் பேருந்தில், “நீங்க எங்கீங்க போகோணும்?” என்று கேட்டார்கள். சீட்டுக்கு ஒரு ‘ங்க’, சில்லறைக்கு ஒரு ‘ங்க’. இவ்வளவு மரியாதை கிடைத்தால் என் கை தானாகப் பையின் ஜிப்பைத் தொட்டுப் பார்க்கும்.

கரும்புக் காட்டுக்கு நடுவில் பேருந்தின் பின் டயர் வெடித்தது. அடுத்த பேருந்து எப்போது என்று கேட்டால், வந்தால் தெரியும் என்றார் நடத்துநர். என்னோடு ஒருவர் இறங்கி நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு கனமான தகரப் பெட்டி. என்னையே இரண்டு தடவை பார்த்தார். தவணை வசூலிக்க வந்தவர் என்று முடிவு செய்து கொஞ்சம் தள்ளி நின்றேன். முட்டை ஏற்றிய வேன் ஒன்று வந்து எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டது. உட்கார இடம் வேண்டுமென்றால் முட்டை அட்டைகளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது வேன் ஓட்டுநரின் நிபந்தனை. ஆளுக்கு ஐந்து அட்டை. ஒவ்வொரு வேகத்தடையிலும் நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

மடியில் முட்டையை வைத்துக்கொண்டு ஒருவரைச் சந்தேகப்படுவது கஷ்டம். அவர் பெயர் சேவியர். சேலம் அம்மாபேட்டைக்காரர். ஒரு கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே நிலவியலில் ஆய்வு செய்கிறார். பெட்டிக்குள் இருந்தது கிணற்றில் இறக்கும் அளவு நாடா. நான் என் துறையைச் சொன்னதும், வழக்கமாக எல்லாரும் கேட்பதைத்தான் அவரும் கேட்கப்போகிறார், சமையலுக்கெல்லாம் பட்டமா என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. பாப்பாத்தி அக்காவைத் தெரியுமா என்று நான்தான் கேட்டேன்.

“தெரியாமலா? அவங்க கிணத்துல தண்ணி கைக்கெட்டற தூரத்துல இருக்குன்னாங்க. நாடாவை விட்டேன், அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்தது” என்று சிரித்தார். “அன்னையிலேர்ந்து நான் யாரையும் கேக்கறதில்லைங்க. கிணத்துக்குக் கூச்சம் கிடையாது பாருங்க.”

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. வயிற்றுக்குள் எங்கே நாடா விடுவது என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன்.

பாப்பாத்தி அக்காவின் கடை தகரக் கொட்டகைதான். ஆனால் சுத்தம். நாற்பத்தைந்து வயதில் திடமான உடம்பு, எப்போதும் ஈரமான கை. கணவர் வடநாட்டுக்கு லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலைந்து நாள்தான் வீட்டில் இருப்பார். நான் பையைக் கீழே வைப்பதற்குள் இலையைப் போட்டுவிட்டார். இட்லி, தக்காளிச் சட்னி, கேட்காமலே ஒரு கலக்கி. கலக்கி என்பது முட்டையைப் பாதி வெந்தும் வேகாமலும் கல்லில் சுருட்டி எடுப்பது. எங்கள் பக்கம் இப்படிச் செய்து கொடுத்தால் அவசரத்தில் எடுத்துவிட்டார்கள் என்று சண்டை வரும். இங்கே அதுதான் பக்குவம்.

“பாரம் கொண்டாந்திருக்கீங்களா அம்மிணி?” என்று கேட்டார். இன்னும் ஒரு கலக்கி போடட்டுமா என்று கேட்கும் அதே குரல். புதுப் படிவம் எதுவும் இல்லை, பழையதைச் சரிபார்க்கத்தான் வந்தேன் என்றேன். அவர் கை தோசைக்கல்லில் ஒரு கணம் நின்றது. பிறகு எதிர்வீட்டு அறையை எனக்காகக் கூட்டி வைக்கச் சொன்னார். நல்ல அறை. காற்றோட்டமாக இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாம் நாள். படிவக் கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவினேன். கவிதா, பண்ணை வேலை, இரண்டு குழந்தைகள். காலை: இட்லி, சாம்பார், அவித்த முட்டை. மதியம்: சோறு, கீரைக் கூட்டு, மோர். இரவு: தோசை, பால். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

கவிதா வீட்டைக் கண்டுபிடிக்க மூன்று பேர் வழி காட்டினார்கள். மூன்று பேரும் நான் பாப்பாத்தி அக்காவின் ஆளா என்று கேட்டார்கள். கவிதா என் வயதுதான் இருப்பாள். அன்று பண்ணைக்கு விடுப்பு. படிவத்தைக் காட்டினேன். அவள் நிதானமாகப் படித்தாள்.

“இது யாருங்க டீச்சர்?” என்றாள்.

“நீங்கதான்.”

“நானுங்களா?” மறுபடியும் படித்தாள். “பாலு வேறயா.”

யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அக்கா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று சேர்த்துக்கொண்டாள். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்டேன். நான்கு வருடமாக நான் கேட்கும் கேள்வி அது. அன்றைக்குத்தான் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இட்லியா, தோசையா என்று நானே எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“காத்தால டீயுங்க. பண்ணையில மத்தியானம் பழைய சோறு. அந்திக்கு ஊட்டுக்காரரும் புள்ளைகளும் உண்டது போக மிச்சம் இருந்துச்சுங்க, கொஞ்சம்.”

சொல்லி முடித்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கிளம்புவதற்குள் தட்டில் ஆம்லெட்டோடு வந்தாள். பண்ணையில் விரிசல் விட்ட முட்டைகளை வேலையாட்களுக்குக் கொடுப்பார்கள். வேண்டாம் என்றதற்கு, ஊட்டுக்கு வந்துட்டு வெறும் வயிறா போறதுங்களா என்று தட்டைக் கையில் திணித்தாள். நான் தின்று முடிக்கும் நேரம் பள்ளிக்கூடத்திலிருந்து மதியத்துக்கு வந்த அவள் பெண் குழந்தை, “அம்மா, என்ற முட்டை?” என்றது. “நாளைக்குச் சாமி” என்றாள் கவிதா. அந்த முட்டை யாருடையது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்று இன்னும் ஐந்து வீட்டுக்குப் போனேன். ஐந்திலும் யாரும் படிவத்தைப் பார்த்ததில்லை. ஐந்திலும் எனக்கு ஏதாவது தின்னக் கொடுத்தார்கள்.

கடைக்குத் திரும்பியபோது கூட்டம் இல்லை. கவிதாவின் படிவத்தை மேசைமேல் வைத்தேன். பாப்பாத்தி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மூலையில் இருந்த நீலப் பிளாஸ்டிக் டிரம்மைக் காட்டி, திறந்து பாருங்க என்றார். உள்ளே அரிசி இருக்கும் என்று நினைத்தேன். கட்டுக் கட்டாகப் படிவங்கள் இருந்தன. வங்கிச் சேவை பற்றி வணிகவியல், மாமியார் மருமகள் பற்றிச் சமூகவியல், ஆட்டு நோய் பற்றிக் கால்நடை மருத்துவம், உடற்பயிற்சி பற்றி உடற்கல்வி. பாதி நிரப்பியவை, இன்னும் வாங்க வராதவை. எல்லாத் துறைக்கும் ஒரே கையெழுத்து. வங்கிக்கு ‘மிகவும் திருப்தி’. மாமியாருக்கு ‘சண்டை இல்லை’. ஆடுகள் எல்லாம் சுகம்.

பேருந்து நிற்கும் இடத்தில் கடை இருந்ததுதான் ஆரம்பம் என்றார். இறங்கும் ஆய்வாளர்கள் பசியோடு இறங்குவார்கள். சாப்பிட்டுவிட்டு யாரைக் கேட்கலாம் என்று கேட்பார்கள். நூறு வீடு வேண்டும், நாற்பதுதான் கிடைத்தது என்று அழாத குறையாகச் சொல்வார்கள். ஒருவர் போய் இன்னொருவரிடம் சொல்ல, கட்டுகள் வர ஆரம்பித்தன. மொழியியல்காரர் ஒருவர் கொங்குப் பேச்சைப் பதிவு செய்ய வந்தபோது, கருவியை முன்னால் வைத்ததும் இவர் தொலைக்காட்சிச் செய்தி போலப் பேசியிருக்கிறார். இயல்பாகப் பேசுங்கள் என்று அவர் கெஞ்ச, இவர் இன்னும் திருத்தமாகப் பேசியிருக்கிறார்.

“எருமைக்காதுன்னா எந்தச் செடிங்கக்கா?” என்று கேட்டேன்.

அவர் முகத்தில் முதல் தடவையாக வெட்கம் தெரிந்தது. “அது களைதானுங்க, அதுக்கேது பேரு. அந்தப் புள்ள வேகாத வெயில்ல வந்து காட்டிக் காட்டிக் கேக்குது. தெரியாதுன்னா மொகம் வாடிப்போகுது. எல அப்படித்தான இருந்துச்சு, அதான் சொல்லிப்போட்டன்.”

சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே கோபம் வந்தது. செடிக்குப் பெயர் வைத்தது போகட்டும், கவிதாவுக்கு எதற்குப் பால் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். என் படிப்பே இதில்தான் இருக்கிறது, பொய் எழுதினேன் என்று என்னைத்தான் சொல்வார்கள் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

“மொத ரெண்டு ஊட்டுல கேட்டனுங்க அம்மிணி” என்றார். “ஒருத்தி நேத்து அடுப்பே பத்த வெக்கலைன்னா. இன்னொருத்தி டீயும் வர்க்கியும்னா. அதை எப்படீங்க எழுதறது? காலேஜுல அல்லாரும் படிப்பாங்க. எங்கூருப் பொம்பளைக பட்டினின்னு நானே என்ற கையால எழுதறதுங்களா? அப்படி எழுதறதும், கடைக்கு வந்த உங்களுக்கு எல போடாம உட்டறதும் ஒண்ணுதானுங்க.”

எனக்கு என் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. நாலாம் வகுப்பில் டீச்சர் ஒரு நாள் வரிசையாக எழுப்பி, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு நோட்டில் எழுதினார். நான் மூன்று இட்லி என்றேன். எனக்கு முன்னால் இருந்தவள் இரண்டு இட்லி என்று சொன்னதால் ஒன்று கூட்டிச் சொன்னேன். அன்று வரும்போது குடித்தது சோறு வடித்த கஞ்சி. அந்த நோட்டு எங்கேயாவது இருந்தால் அதில் நான் நன்றாகச் சாப்பிட்ட குழந்தை.

பாப்பாத்தி அக்கா எனக்கு டீ போட்டார். போட்டுக்கொண்டே ஒரு யோசனை சொன்னார். ரொம்ப யோசித்து வைத்திருந்தது போலத்தான் இருந்தது. “நீங்க கவலைப்படாதீங்க. நான் அல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிர்றன். உங்க சாரு வந்து ஊடு ஊடா கேட்டாலும் இட்லி, முட்டை, மோருன்னே சொல்லிருவாங்க. ஒருத்தி மாத்திச் சொல்ல மாட்டா. எங்கூருப் புள்ளையாட்ட உங்களுக்குச் செய்ய மாட்டமுங்களா?”

செய்வார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பயணத்தில் நான் சந்தேகப்படாத ஒரே விஷயம் அதுதான். பேராசிரியர் வெயிலில் வந்து ஐம்பது வீடு ஏறி இறங்கினாலும் ஐம்பதிலும் என் தரவு உண்மையாக இருக்கும். அவர் மன்னிப்புக்கூடக் கேட்கலாம். என் பெயருக்கு முன்னால் முனைவர் வரும். ஆலைக் களத்தில் அம்மா அதை எல்லாரிடமும் சொல்வார். அந்த ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு நான் இதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். டீ ஆறிப்போய்க் கடைசியில் ஆடை கட்டியிருந்தது. கவிதாவின் பெண் நாளைக்கு முட்டை கேட்பாள் என்பது மட்டும் என் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் இல்லை. படிவத்தின்படி அவள் அம்மாவுக்கு எந்தக் குறையும் இல்லை. யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

வேண்டாங்கக்கா என்றேன். அவர் வருத்தப்பட்டார். நான் அவர் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டது போலப் பார்த்தார்.

மூன்றாம் நாள். காலையில் நாமக்கல்லுக்குப் போனேன். இந்த முறை டயர் வெடிக்கவில்லை. பேருந்தில் சேவியர் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். நன்றிப் பக்கத்தில் அக்கா பெயரைப் போட்டிருக்கும் மற்ற நாலு பேருக்கும் சொல்வீர்களா என்று கேட்டார். என்னுடையதை முதலில் சொல்கிறேன் என்றேன். பாத்திரக் கடைத் தெருவில் சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன். கடைக்காரர் கேக் செய்யப் போகிறீர்களா என்று விசாரித்தார். அஞ்சலகத்தில் உட்கார்ந்து என் நெறியாளருக்குக் கடிதம் எழுதினேன். நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும். முதல் ஏழெட்டு வீடு தவிர மற்றவற்றுக்கு நான் நேரில் போகவில்லை, போனதாக எழுதியது பொய். பேராசிரியர் சந்தேகப்பட்டது சரி, ஆனால் எழுதியது நான் இல்லை. இனிமேல் அடுப்படியில் உட்கார்ந்து, தட்டில் விழுவதை எடைபோட்டு எழுதப்போகிறேன், ஒரு மாதம் போதாது. இவ்வளவுதான் கடிதம். அஞ்சல் பெட்டிக்குள் விரலை விட்டு அது விழுந்துவிட்டதா என்று பார்த்தேன்.

கடைக்குத் திரும்பும்போது மூன்று மணி தாண்டியிருந்தது. மதியக் கூட்டம் போய்விட்டது. பாப்பாத்தி அக்கா என்னைப் பார்த்ததும் பழக்கப்படி இலையை எடுத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தராசை அடுப்பு மேடையில் வைத்தேன். அவருடைய தட்டு எங்கே என்று கேட்டேன். அவர் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“எனக்கென்னுங்க, நான் அப்பறம் உண்டுக்கறன்” என்றார்.

“உண்ணுங்கக்கா. நான் இருக்கேன்.”

கொஞ்ச நேரம் அடுப்பைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பிறகு இட்லிப் பானையின் அடியிலிருந்து, விற்காமல் உடைந்துபோன இட்லித் துண்டுகளை ஒரு தட்டில் போட்டுக்கொண்டு, சட்னிப் பாத்திரத்தை வழித்தார். வழிக்க ஒன்றும் இல்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “கூச்சமா இருக்குங்க அம்மிணி” என்றார்.

நான் கையை நீட்டினேன். கொடுத்தார். தட்டைத் தராசில் வைத்தேன், முள் நிற்கும்வரை பார்த்தேன், எழுதினேன். பாப்பாத்தி. டிபன் கடை. மதியம் மூன்றே முக்கால். உடைந்த இட்லி, தட்டோடு இருநூற்றிருபது கிராம், முழுசாக இருந்தால் இரண்டு இருக்கலாம். தொட்டுக்கொள்ள எதுவும் இல்லை. முட்டை என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

எழுத்து அழகாக இல்லை. எழுதினது நான்தான்.